மொழி மாறும் இடம்

"இந்த நாட்டைப் பெற்றது கோபம். ஆனால் வளர்த்தது…" என்று மூத்த கொண்டக்டர் ஒக்தாவ் சொன்னது வரைக்கும் சீலனுக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதுதான் எவ்வளவு தோண்டினாலும் வரவில்லை. பிரஸ்ஸல்ஸ் தெற்கு நிலையத்தில் விசில் ஊதிக் கதவுகளைப் பூட்டி, ரயில் அசையத் தொடங்கியதும் கடைசிப் பெட்டியின் மூலையில் சாய்ந்து நின்றபோது மறுபடியும் அதுதான் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பெற்றது கோபம், வளர்த்தது… பயமோ? சோம்பலோ? ஒக்தாவ் ஓய்வு பெற்ற நாளில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் கதிரை மேல் ஏறி நின்று பேசியதல்லவா அது, பாதி பிரெஞ்சிலும் பாதி டச்சிலும், ஒரு கையில் கிளாஸ், மறு கையில் தொப்பி, அழுகையை அடக்கச் சிரிப்பு. சரியாக அந்த இடத்தில் கூரை ஒலிபெருக்கி ஏதோ ஒரு ரயில் தாமதமென்று கத்தியது. சத்தம் ஓய்ந்தபோது எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், சீலனும் தட்டினான். பிறகு விசாரித்தால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கென்ட் பக்கத்து லூடோ, "பியர் எண்டுதானே சொன்னவர், வேற என்ன சொல்லுவார்?" என்றான். நமூர் பக்கத்து நதீன், பொறுமை என்று தன் இரண்டு காதாலும் கேட்டதாகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். ஒக்தாவிடமே கேட்டுவிடலாம் என்று நாளைக் கடத்தினான். அவன் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் ஒக்தாவ் செத்துப்போனார். இனி யாரிடம் கேட்பது? கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது, காலையில் வந்த கேள்விக்கே இன்னும் பதில் சொல்லவில்லை. சட்டைப்பையில் கிடந்த போன் நெஞ்சுக்கு மேல் ஒரு சின்னச் சூட்டோடு கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி வதனி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பின்னால் கடை மாவரைக்கும் மெசினின் இரைச்சல். "இஞ்சாருங்கோ, நீங்கள் வாறியளோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ. காரணம் ஒண்டும் வேண்டாம். காரணம் கேட்டுக் கேட்டு எனக்குக் களைச்சுப் போச்சு. இண்டைக்குக் கடை பூட்ட முன்னம் சொல்லுங்கோ." அவ்வளவுதான். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அவன் ரிக்கற் பார்க்கப் புறப்பட்டான். யூலை இருபத்தொன்று, நாட்டின் பிறந்தநாள், கறுப்பு மஞ்சள் சிவப்பில் கடதாசித் தொப்பியும் கன்னத்தில் பூசிய நிறமுமாகப் பெட்டி நிறையச் சனம், அணிவகுப்பு வரைக்கும் நிற்காமல் வெயிலுக்குப் பயந்து வீடு திரும்புகிறவர்கள். நாட்டை வெயிலுக்குப் பயந்து பாதியில் விட்டுவிட்டு வருகிற சனம் என்று நினைத்துத் தனக்குள் சிரித்தான். எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள், நாடு இருக்கிறதோ என்று திரும்பித் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாதவர்கள். ரிக்கற், நன்றி, ரிக்கற், நன்றி, முகத்தைப் பார்த்து எந்த மொழி என்று கண் கணிக்கும், வாய் தானாகத் திரும்பும். முப்பத்தைந்து வருசத்துப் பழக்கம். பதின்மூன்று வயதில் அப்பாவோடு வந்து இறங்கியபோது அன்ட்வேர்ப்பில் டச்சுப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு லியேஜில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை கிடைத்ததும் அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், ஒரே நாட்டின் ஒரே சரித்திரத்தை இரண்டு தடவை படித்தவன் அவன். முதலாவது வாத்தியார், தாடிக்காரர், கரும்பலகைக்குப் புறம் காட்டி நின்று சொன்னார்: ஆயிரத்து எண்ணூற்று முப்பதில் பிரஸ்ஸல்ஸ் தெருவில் தடுப்பரணுக்குப் பின்னால் நின்று செத்தவன் எங்கள் மொழி பேசினவன், செத்த பிறகு கதிரையில் போய் இருந்தவன் பிரெஞ்சு பேசினவன், நீதிமன்றத்தில் எங்கள் ஆளுக்குத் தன் வழக்கே விளங்கவில்லை. இரண்டாவது ஆசிரியை, எப்போதும் ஒரு பச்சைச் சால்வை, கண் கலங்கச் சொன்னார்: ஓகஸ்ட் மாதத்து இரவில் பாட்டு நாடகம் பார்க்கப் போன சனம் மேடையில் விடுதலை என்று பாடக் கேட்டு எழும்பி வெளியே போய் ஒல்லாந்து ராசாவுக்கு எதிராகத் தெருவில் இறங்கியது, செப்டம்பரில் பூங்காவுக்குள் நாலு நாள் சண்டை, ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் ஒல்லாந்து ராசாவின் படை இல்லை. சீலனுக்கு இரண்டும் பிடித்திருந்தன. இரண்டையும் கேட்டபோது வயிற்றுக்குள் ஒரே இடத்தில் சுட்டது. நாலு நாள். கடைசி வாங்கில் இருந்த அந்தப் பதினாறு வயதுப் பெடியன் விரல் மடக்கி எண்ணினான். நாலு நாள் சண்டை, ஜெர்மனியிலிருந்து இரவல் வாங்கி வந்த ஒரு ராசா, அந்த ராசா சத்தியம் செய்த நாள்தான் இன்றைக்கு. அடுத்த மாதமே ஒல்லாந்துக்காரன் திரும்பி வந்து அடித்ததும், அவன் கையெழுத்து வைக்க எட்டு வருசம் எடுத்ததும் பாடத்தில் சின்ன எழுத்தில் கிடந்தன. அவன் அதை வாசிக்கவில்லை, வாசிக்க விருப்பமில்லை. இப்படி மலிவாகக் கிடைக்குமா ஒரு நாடு, எங்களுக்கு மட்டும் ஏன், என்று கேட்டபடியே பஸ்ஸில் வீட்டுக்குப் போனால் அப்பா வெங்காய மணத்தோடு வானொலியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டிருப்பார். ஊரில் செத்தது எத்தனை பேர், எந்தச் சந்தி, எந்தப் பெயர். அந்தப் பொறாமைதான், வேறொன்றுமில்லை, அவனை இந்த நாட்டோடு கட்டிப்போட்டது. பிள்ளை இல்லாதவள் பக்கத்து வீட்டுத் தொட்டிலைப் பார்க்கிற மாதிரி இந்த நாட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். அவர்களுடைய சண்டையைக்கூட ஆசையோடு பார்த்தான். லூவன் சர்வகலாசாலையை மொழிவாரியாக உடைத்தபோது நூலகத்துப் புத்தகங்களை ஒற்றை எண் ஒரு பக்கம் இரட்டை எண் மறுபக்கம் என்று பங்கு போட்டார்களாம். வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. சீலன் சிரிக்கவில்லை. பங்கு போட்டார்கள். எரிக்கவில்லை.

மூன்றாம் பெட்டியில் ஒரு வயதான பெண் மடியில் நாய்க்குட்டியோடு இருந்தாள், நாய்க்கும் ரிக்கற் எடுத்திருந்தாள், அதைப் பெருமையோடு நீட்டினாள். எதிரில் கடதாசிக் கிரீடம் வைத்த தடித்த மனிதன், அன்ட்வேர்ப் ரிக்கற், வாட்டர்லூவில் சிங்கச் சிலை பார்க்கப் போகிறானாம், பிரேனில் இறங்கிப் பஸ் எடுக்கவேண்டும். இருவரும் முழங்கால் முட்ட எதிரெதிரே இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் யன்னலைப் பார்த்தாள், அவன் போனைப் பார்த்தான். அவளோடு பிரெஞ்சிலும் அவனோடு டச்சிலும் பேசிவிட்டுச் சீலன் நகர்ந்தான். இதுதான் என்ர வேலை என்று நினைத்தான், இந்த இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிற்கிறது, தையல் போடுகிற ஊசி மாதிரி இங்கே ஒரு குத்து அங்கே ஒரு குத்து. இதைத்தான் வதனிக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. போன வருசத்துக்கு முந்தின வருசம் இருவரும் வீட்டைக் கொடுத்துவிட்டு ஒரேயடியாகப் போகிறதென்றுதானே யாழ்ப்பாணம் போனார்கள். போக வேண்டுமென்று ஆசைப்பட்டவன் அவன், அவள் பயந்தவள். இருபத்திரண்டு வருசம் அன்ட்வேர்ப்பில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக் கை தோல் உரிந்தவள், அங்கே போய் எனக்கு என்ன வேலை என்று அழுதவள். போன பிறகு எல்லாம் தலைகீழானது. சர்வகலாசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை எடுத்தாள், அன்ட்வேர்ப்பில் பழகிய வொஃபிளைப் போட்டாள், மேலே பனங்கட்டிப் பாகு ஊற்றினாள், ஆறு மாதத்தில் பின்னேரங்களில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். காலியிலிருந்தும் கண்டியிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகளோடு அவள் சிங்களம் கதைக்கப் பழகிவிட்டாள், கணக்கில் பிழை விட்டால் அவர்கள் "அக்கே" என்று கேலி செய்வார்கள், இவள் அகப்பையைக் காட்டி வெருட்டுவாள். சீலன் கல்லாவில் இருந்தான். வாயைத் திறந்தால், நீங்கள் வெளியிலையிருந்து வந்தனீங்களோ அண்ணை என்றார்கள், அவனுக்குப் பெல்ஜியம் அண்ணை என்றே பெயர் விழுந்தது. பெல்ஜியத்தில் இத்தனை வருசம் யாரும் அவனைப் பெல்ஜியம் என்று சொன்னதில்லை. ஒரு தடவை கொழும்புக்குப் போய் ரயிலில் திரும்பி வந்தான். அறிவிப்பெல்லாம் எல்லா இடத்திலும் மூன்று மொழியிலும் வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வவுனியா கழிந்ததும் அவன் உடம்பு தானாக நிமிர்ந்து யன்னலைப் பார்த்தது. ஏதோ ஒரு கோடு வரும், யாராவது மைக்கை எடுத்து இனி வேறு மாதிரிச் சொல்லுவார்கள் என்று காத்திருந்தான். ஓமந்தை வந்தது. யுத்த காலத்துச் சோதனைச் சாவடி, பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து கடந்த இடமென்று மாமா சொல்லிய இடம். புல்லு, ஒரு பழைய தகரக் கொட்டில், ஒரு நாய். ரயில் ஒரு சொல்லும் சொல்லாமல் ஓடியது. அந்தச் சத்தமின்மையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அன்றிரவு நெஞ்சு அடைத்தது, டொக்டர் ஒன்றுமில்லை என்றார். இரண்டு மாதம் கழித்து, பழைய வேலைக்குத் திரும்ப எடுப்பினம், பென்சனுக்கு இன்னும் கொஞ்ச வருசம் இருக்கு, அதை முடிச்சுக்கொண்டு வாறன், என்று சொல்லித் தனியே விமானம் ஏறினான். வதனி வாசல் வரைக்கும் வந்தாள், கையில் மா. பென்சன் என்பது பொய் என்று அவளுக்கும் தெரியும். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பிடி அங்க உங்களை ஆர் தேடினம்?" அவன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். தேடுகிறவர்கள் யாரும் இல்லை. மூன்றாம் பெட்டிக்கும் நாலாம் பெட்டிக்கும் நடுவில், ரப்பர் மடிப்புகள் நெரிந்து கிறீச்சிடுகிற அந்த இடத்தில் கால் இரண்டையும் இரண்டு தட்டில் வைத்து நின்றபடி, தேடுகிறவர்கள் யாரும் இல்லைத்தான் வதனி, ஆனால் நான் இல்லாவிட்டால் அந்த முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று தெரியாமலே இறங்கிப் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தான். ரப்பர் கிறீச்சிட்டது. சிரித்த மாதிரி இருந்தது.

ரயில் நகரத்தை விட்டு வெளியேறி மரங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இனி மைக்கின் நேரம். வெளியாள் கேட்டால் நம்பமாட்டான், இந்த நாட்டில் ரயிலுக்குள் பேசுகிற மொழி தண்டவாளத்தின் கீழே இருக்கிற மண்ணைப் பொறுத்தது. பிரஸ்ஸல்ஸ் மண்ணில் இரண்டு மொழியும் சொல்லவேண்டும், அதைத் தாண்டிச் சில நிமிடம் டச்சு மண், அங்கே டச்சு மட்டும், அதற்கப்பால் பிரெஞ்சு மண், பிரெஞ்சு மட்டும். ஒரு வணக்கத்தை ஒரு சந்தி முந்திச் சொல்லிவிட்டால் முறைப்பாடு எழுதுகிற பயணிகள் இருக்கிறார்கள், வாங்கிக் கட்டிக்கொண்ட கொண்டக்டர்மார் இருக்கிறார்கள். இதில் பகிடி என்னவென்றால் அடுத்த தரிப்பிடமான பிரேனுக்கு டச்சில் வேறு பெயர், அந்தப் பெயர் அங்கே மேடையில் எந்தப் பலகையிலும் இல்லை. ஆகவே இந்தப் பாதையில் ஓடுகிறவர்கள் டச்சு மண் முடியும் வரைக்கும் மைக்கைக் கையில் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள், கோடு தாண்டியதும் படபடவென்று பிரெஞ்சில் சொல்லிவிடுவார்கள். கோடு எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. வேலியில்லை, கல்லில்லை. ஒக்தாவுக்கு ஒரு வெள்ளைக் குதிரைதான் அடையாளம். வலப்பக்கம் சரிவில் ஒரு மேய்ச்சல் நிலம், அதில் ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை, அதன் வால் தெரிந்தால் பிரெஞ்சு. குதிரை நடக்குமே என்று சீலன் கேட்டதற்கு, "நடக்கட்டுமே, நாடும் கூட நடக்கும், இருநூறு மீட்டருக்காக ஆர் இறங்கி அளக்கப் போறான்?" என்றார். அந்த நாளிலிருந்து அவனும் குதிரையைத்தான் பார்த்தான். சில நாள் அது வடக்கே மேயும், பெல்ஜியத்தின் தெற்குப் பாதி கொஞ்சம் பெருக்கும். சில நாள் கொட்டிலுக்குள் நிற்கும், அப்போது கொட்டில் கூரையை வைத்துச் சமாளிப்பான். யாழ்ப்பாணத்தில் நித்திரை வராத இரவுகளில் கண்ணை மூடினால் வந்தது அந்தக் குதிரைதான், அப்பா இல்லை, லியேஜ் வீடு இல்லை. ஒரு மனிதன் ஊருக்கு ஏங்குவான், தாய்க்கு ஏங்குவான், இவன் ஒரு கிழட்டுக் குதிரையின் வாலுக்கு ஏங்கினான். வதனியிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தாள், கையில் வனிலா மணம். இப்போது அந்த மணத்துக்கு ஏங்குகிறான். எங்கே நின்றாலும் மற்றப் பக்கம் இழுக்கிறது, நடுவில் ரப்பர் மடிப்பு. பெற்றது கோபம், வளர்த்தது… கடை பூட்டுகிற நேரம் அங்கே. அவள் தகரக் கதவின் ஒரு பக்கத்தை இழுத்துவிட்டு மற்றப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசியாக நிற்கிற பிள்ளைகளிடம் வழக்கமாகச் சொல்லுகிறதைச் சொல்லிக்கொண்டிருப்பாள், கண் போனில் இருக்கும். மைக்கை எடுத்தான். மேய்ச்சல் நிலம் வந்தது. குதிரை இல்லை. கொட்டிலும் இல்லை. சரிவு முழுக்கக் கிளறிய சிவப்பு மண், ஒரு மஞ்சள் மெசின், அடுக்கி வைத்த குழாய்கள். சீலன் யன்னல் கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தான், எங்கே, எப்போது, போன கிழமை நான் வேறு பாதையில் ஓடினேனே. கோடு தாண்டியாயிற்றா இல்லையா, டச்சா பிரெஞ்சா, வாய் திறந்துவிட்டது, திறந்த வாய்க்குள் இரண்டு மொழியும் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி விழுந்துபோயின, பொத்தானை விரல் அமுக்கிக்கொண்டே இருந்தது, பெட்டி பெட்டியாக அவன் மூச்சு கேட்டது, பிறகு அவன் குரலிலேயே யாரோ தமிழில் சொன்னார்கள்: "அடுத்தது பிரேன் வருது. இறங்கிற ஆக்கள் ஆறுதலா எழும்புங்கோ. அவசரமில்லை, நிக்கும். சாமானொண்டும் விட்டிட்டுப் போகாதேங்கோ, பிள்ளையள். கவனமாப் போங்கோ, என்ன."

பொத்தானை விட்டான். அதில் பாதி வதனி கடை பூட்டும்போது சொல்லுகிறது. ரயில் ஓடியது. அவன் காத்திருந்தான், காது மடல் சுட்டது, முறைப்பாடு, விசாரணை, எந்த மண்ணில் எந்த மொழி என்று வரைபடம் விரிப்பார்கள், அதில் இந்த மொழிக்கு நிறமே இருக்காது. ஆனால் வேலையைவிட வேறு ஏதோ கைநழுவிப் போன மாதிரியும், எதையோ கடைசியில் கீழே வைத்துவிட்ட மாதிரியும் உடம்பு இலேசாயிருந்தது. மூன்றாம் பெட்டிக்கு வந்தான், வேண்டுமென்றே மெல்ல நடந்து. கிரீடக்காரன் அவனைப் பார்க்கவில்லை. நாய்க்காரப் பெண்ணின் பக்கம் குனிந்து, அரைகுறைப் பிரெஞ்சில், இப்போது கேட்டது உங்கள் பக்கத்துக் கிராமத்து வலோன் பேச்சோ, ஒரு சொல்லும் பிடிபடவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கையை உதறினாள். அதைவிட அரைகுறையான டச்சில், நான் அது உங்கள் கடற்கரைப் பக்கத்துக் கொச்சை என்றல்லவா நினைத்தேன், அங்கே பேசுவது அவர்களுக்கே விளங்காதாமே, என்றாள். இருவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவன் தொண்டையிலிருந்து தொடங்கி வயிறு வரைக்கும் சிரித்தான், கிரீடம் சரிந்து நாயின் மேல் விழுந்தது, நாய் அதைக் கவ்விக்கொண்டது, அவள் நாயைத் திட்டினாள், அவன் விடுங்கள் அது ராசாவாக இருக்கட்டும் என்றான், அவள், இரவல் ராசாக்கள் நமக்குப் புதிதா என்றாள். சீலன் பக்கத்தில் வந்து நின்றதைக் கண்டதும் அவள்தான் கேட்டாள்.

"சொல்லுங்கள் ஐயா, எங்கள் இரண்டு பேரில் யாருடையது அது?"

"என்னுடையது, அம்மா," என்றான் சீலன்.

நல்லாயிருந்தது, ஆனால் இந்த இடத்தில் அதற்கு அனுமதி உண்டோ என்று கேட்டாள். சீலன் வாய் திறக்கும் முன்னரே கிரீடக்காரன் இல்லை என்று சொல்லிவிட்டான், அதே சொல்லை அதே நேரம் அவளும் தன் மொழியில் சொல்லிவிட்டாள், மறுபடி இருவருக்கும் சிரிப்பு. பிறகு அவர்கள் அவனை விட்டுவிட்டார்கள். சிங்கத்தைப் பார்க்க எத்தனை படி ஏறவேண்டும், முழங்கால் தாங்குமா, என்று அவள் கேட்க, அவன் தன் முழங்காலில் ஒப்பரேசன் செய்த தழும்பைக் காட்டக் காற்சட்டையைச் சுருட்டினான். பாதிச் சொல் டச்சு, பாதிச் சொல் பிரெஞ்சு, மிச்சத்துக்குக் கை. சீலன் இன்னும் அங்கேயே நின்றான், யாராவது ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் எடுத்துக் கொடுக்கலாம் என்று. தடுமாறினார்கள். அவனைக் கேட்கவில்லை. தடுமாற்றத்தைத் தாங்களே கையால் தட்டி நிமிர்த்திக்கொண்டு போனார்கள். நூற்றுத் தொண்ணூற்றைந்து வருசமாக இப்படித்தான் போயிருப்பார்கள் போலிருக்கிறது, ஊசி இல்லாமலே, தையலும் இல்லாமலே, ஒருவர் வாயை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு, வெயில் கூடினால் பாதியில் எழும்பி வீட்டுக்குப் போய்க்கொண்டு. இது யாருடைய தொட்டில் என்று இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். வயிற்றுக்குள் அந்தப் பழைய இடம் சுட்டது, ஆனால் பொறாமை இல்லை, விடைபெறுகிறபோது சுடுகிற மாதிரி. குதிரையை எங்கே கொண்டு போயிருப்பார்கள், டச்சு மண்ணுக்கோ பிரெஞ்சு மண்ணுக்கோ. ஒக்தாவ் இருந்தால் சொல்லியிருப்பார், சொன்னாலும் ஒலிபெருக்கி விழுங்கியிருக்கும். ரயில் வேகம் குறைத்தது. பிரேன் பலகை, பிரெஞ்சில் மட்டும், யன்னலில் நீண்டு வந்து நின்றது. கிரீடக்காரன் அவளுடைய பையை இறக்கிக் கொடுத்தான், நாய் கிரீடத்தோடு இறங்கியது. சீலன் மேடையில் இறங்கி நின்று இரு பக்கமும் பார்த்தான், வெயில் முகத்திலறைந்தது, சட்டைப்பைக்குள் கை போனது. அங்கே இந்நேரம் இருட்டியிருக்கும், வதனி தகரக் கதவின் மற்றப் பக்கத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பாள்.

விசில் ஊத முன்னர் அவளுக்கு எழுதினான். ஒக்டோபரோடு வேலையை விடுறன், வாறன், இஞ்ச திரும்பி வர ரிக்கற் எடுக்கமாட்டன் என்று.